கடைசிப் பக்கத்தில் அந்தப் பிள்ளையைக் குணமாக்கிவிடாதீர்கள்

தமிழில் சிறுவர் படக்கதை எழுதுகிறவர்களுக்கும், வரைகிறவர்களுக்கும், பதிப்பிக்கிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் குடியிருப்பில், சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறவள் நான். 2021-இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். அந்தப் பழக்கம் விடவில்லை. வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள், நூலகத்தில் எடுத்து வருபவை, ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகக் கிடைப்பதை அச்செடுத்துத் தைத்தவை என்று ஒரு டிரங்குப் பெட்டி நிறைய எங்களிடம் கதை இருக்கிறது. உங்களில் பலருடைய பெயர் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் யானையையும் எறும்பையும் தெருவில் வைத்து நடித்துக் காட்டுவார்கள். அதற்கு முதலில் நன்றி. இனி நான் சொல்லப்போவது குறை. வாசித்துவிட்டுச் சொல்கிற குறை என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

இரவுப் பயம் பற்றிய படக்கதைகளுக்கு ஓர் அச்சு இருக்கிறது. பிள்ளைக்கு இருட்டென்றால் பயம். சுவரில் ஏதோ நிழல், கட்டிலுக்கு அடியில் ஏதோ சத்தம். அம்மா வந்து விளக்கைப் போடுகிறாள். நிழல், மாட்டி வைத்த சட்டை. சத்தம், பூனைக்குட்டி. 'ஒன்றுமில்லை, பார்த்தாயா?' என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள், பிள்ளை தூங்குகிறது, கதை முடிகிறது. இந்த அச்சில் தப்பில்லை. மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் இருட்டைக் கண்டு பயப்படுவது வளர்ச்சியோடு வருகிற விஷயம்தான். கற்பனை ஓட ஆரம்பித்துவிடும். எது நிஜம், எது மனசில் தோன்றியது என்று பிரித்துப் பார்க்கிற திறமை இன்னும் வந்திருக்காது. விளக்கைப் போட்டுக் காட்டுகிற கதை அந்த வயதுக்கு உதவுகிறது. நானே வாசித்துக் காட்டிப் பிள்ளைகள் கைதட்டியிருக்கிறார்கள்.

ஆனால் எங்கள் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்ததில்லை. பல வீடுகளில் கட்டிலே கிடையாது. சுவரோரம் அப்பத்தா, அடுத்து பெரியவள், அப்புறம் சின்னது, வாசல் பக்கம் அம்மா என்று வரிசையாகப் பாய்தான். தனி அறையில் பொம்மையைக் கட்டிக்கொண்டு தனியாகப் படுத்திருக்கும் பிள்ளையின் படத்தைக் காட்டினால், 'இவன் வீட்டுல மத்தவங்க எல்லாம் எங்க?' என்று கேட்கிறார்கள். பிள்ளைக்குப் பயமே அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் பூதம் வருவதற்கு முன்னாலேயே.

இங்கே இருக்கிற பயங்கள் வேறு. ராத்திரி புறக்கடைக் கழிப்பறைக்குப் போய் வருகிற அந்தப் பத்தடி தூரம். காய்ந்த பனையோலை ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்பார்கள். நரிக்குப் பழகியிருக்கும், ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பழகியிருக்குமா என்ன? அப்பா மீன்பிடி அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு விசைப்படகில் போன நாள் என்றால் அது இன்னொரு பயம். மறுநாள் காலையில் படகு கரைக்கு வரும் வரை வீட்டில் போன் அடித்தாலே பெரியவர்கள் முகம் மாறுவதைப் பிள்ளைகள் கவனிக்காமல் இல்லை. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன படகுகளின் எண்ணை டிவியில் சொல்லும்போது முதலில் காதைத் தீட்டிக்கொள்வது அவர்கள்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் எடுத்த கதையை, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போன கதையை அப்பத்தா வாயால் கேட்டுவிட்டுப் படுக்கிற பிள்ளையிடம், காற்று ஒன்றும் செய்யாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆக, 'ஒன்றுமில்லை' என்பது இந்தக் கரையில் ஏற்கெனவே பாதிதான் செல்லுபடியாகும். இதில் உடம்புக்கு முடியாத பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு அது பாதிகூடச் செல்லாது. இந்த மடலே அவர்களுக்காகத்தான்.

என் தங்கை மகனுக்கு டைப் 1 சர்க்கரை. ஆறு வயதில் வந்தது. பாயை நனைக்கிற பழக்கம் எப்போதோ நின்றுபோன பிள்ளை, திடீரென்று மறுபடி நனைக்க ஆரம்பித்தான். ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தான். வெளியே போகப் பயந்து அடக்கிக்கொண்டு படுப்பான், விடிந்து பார்த்தால் பாய் நனைந்திருக்கும். 'பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கான்' என்று தெருவே சொன்னது. மந்திரித்து, கயிறு கட்டியாயிற்று. ஒரு கிளினிக்கில் குடல்பூச்சிக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். உடம்பு மெலிந்துகொண்டே போனது. கடைசியில் வாந்தியும் மேல்மூச்சு கீழ்மூச்சுமாக ஆன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி, விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், விஷயம் தெரிந்தது.

இதில் மாயம் எதுவும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் சர்க்கரை தேங்குகிறது. தேங்கியது சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் தாகம், அதனால்தான் நனைந்த பாய், அதனால்தான் மெலிவு. மிட்டாய் தின்றதால் வந்ததில்லை, பெற்றவர்கள் செய்த எதனாலும் வந்ததில்லை. அந்தக் கட்டத்தில் கண்டுபிடிக்காமல் விட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அப்படிப்பட்ட ஒரு முதல் அறிகுறி, இருட்டுப் பயம் என்கிற பெயரில் எத்தனை வீடுகளில் ஒளிந்துகொண்டிருக்கிறதோ என்று யோசித்துப் பாருங்கள். பயந்த பிள்ளையைப் பற்றிப் படக்கதை எழுதுகிறவர் இதைத் தெரிந்துவைத்திருந்தால் நல்லது என்று நான் நினைப்பது இதனால்தான்.

இன்சுலின் ஆரம்பித்த பிறகு இரவுக்கு வேறு முகம். போட்ட ஊசிக்குச் சாப்பிட்டது போதாவிட்டால், பகலில் ரொம்ப ஓடியாடியிருந்தால், தூக்கத்தில் சர்க்கரை இறங்கும். மீட்டரில் 70-க்குக் கீழே போனால் லோ, அதாவது சர்க்கரை ஆபத்தாகக் குறைந்த நிலை. அப்போது பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கெட்ட கனவு வரும், சமயத்தில் அலறிக்கொண்டு எழும். மற்றப் பிள்ளைகளுக்குக் கெட்ட கனவு வெறும் கனவு. இவனுக்கு அது உடம்பு கொடுக்கிற தந்தியாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் ஒரு தாய் 'ஒன்றுமில்லடா, தூங்கு' என்று தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் என்ன ஆகும்? நீங்கள் அன்போடு எழுதுகிற அந்த ஒரு வரி, இந்த வீட்டில் ஆபத்தான வரி. இங்கே செய்ய வேண்டியது: விளக்கைப் போட்டு, விரலில் குத்திப் பார்த்து, குறைந்திருந்தால் குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்ப்பது. அதுவும் பிள்ளை நினைவோடு இருந்தால்தான் வாயில் கொடுக்கலாம். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108.

சர்க்கரை மட்டும் இல்லை. வீசிங் இருக்கிற பிள்ளைக்கு இழுப்பு பின்னிரவிலும் விடியலிலும்தான் கூடும். ஒரே அறையில் ஆறு பேர், நடுவில் கொசுவத்திப் புகை என்றால் கேட்கவே வேண்டாம். வலிப்பில் சில வகைகள் தூக்கத்திலேயே அதிகம் வரும். சிறுவர்களுக்கு வருகிற ஒரு வகை, வளர்ந்து பதின்வயதைத் தாண்டும்போது தானாக நின்றுவிடுகிறதும் உண்டு. அப்புறம், நோயே இல்லாத அலறலும் இருக்கிறது: தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் பிள்ளை கண்ணைத் திறந்தபடி எழுந்து உட்கார்ந்து கத்தும், அம்மாவையே அடையாளம் தெரியாது, காலையில் கேட்டால் ஞாபகமும் இருக்காது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து அரைகுறையாக விழிப்பதால் வருவது அது. பெரும்பாலும் வயதாக ஆக விட்டுவிடும். கெட்ட கனவு விடியல் பக்கம் வரும், பிள்ளை அதைக் கதையாகச் சொல்லும். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு எல்லாமே ஒரே அலறல்தான். எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலும் தயாராக இருக்கிறது: காத்துக் கருப்பு.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை, நீங்களும் கேலியாக வரைந்துவிடாதீர்கள். இந்தக் கரையில் பயந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முனியய்யா கோயிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், தர்காவில் ஓதித் தண்ணீர் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஓரியூர் அருளானந்தர் தேவாலயத்துக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே குடும்பம் மூன்று இடத்துக்கும் போவதும் உண்டு. அதில் கிடைக்கிற தைரியத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் நோயைக் காத்து என்று மட்டுமே பார்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. மனநோயாளிகளைக் குணம் தேடிக் கூட்டி வருகிற தர்கா இருக்கிற ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஒரு மனநலக் காப்பகத்துக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பின்னால்தான் சங்கிலியைப் பற்றி நாடே பேசியது. தர்காவுக்கு வருகிறவர்களுக்குத் துவாவோடு மருந்தும் கிடைக்க வேண்டும் என்று அரசு மனநல மருத்துவர்கள் அங்கே வருகிற ஏற்பாடும் பிற்பாடு வந்தது. உங்கள் படத்தில் நான் பார்க்க ஆசைப்படுவது அதைத்தான். பிள்ளையின் மணிக்கட்டில் மந்திரித்த கயிறு இருக்கட்டும், அதே கையில் இன்சுலின் ஊசியும் ஏறட்டும். கயிற்றை அறுத்தெறிந்துவிட்டு டாக்டரைக் கும்பிடுகிற மாதிரி வரைந்தால் எங்கள் தாய்மார்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

சரி, நோயோடு வாழ்கிற பிள்ளைகளைப் பற்றி வருகிற கதைகளுக்கு வருகிறேன். தமிழில் அவை ரொம்பக் குறைவு. கையில் கிடைத்த கொஞ்சத்திலும் பாதி, மருத்துவத் துண்டுப் பிரசுரத்துக்குச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. டாக்டர் மாமா வருவார், மூன்று பக்கம் பேசுவார், பிள்ளைகள் தலையாட்டும். இன்னொரு வகையில், மிட்டாய் நிறையத் தின்ற பையனுக்கு நோய் வரும், சொன்ன பேச்சைக் கேட்டதும் போய்விடும். இது பொய் என்பதோடு போகாது, கொடுமையும்கூட. அதை வாசித்த வகுப்பு மறுநாள் என் தங்கை மகனைப் பார்த்து, 'நீ நிறையச் சாக்லேட் தின்னியா?' என்று கேட்கும், கேட்டது. மூன்றாவது வகையில், நோயுள்ள பிள்ளை ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து எல்லோருக்கும் பாடமாகிவிடும். எங்கள் பிள்ளை ஓட்டத்தில் எப்போதும் கடைசி. சர்க்கரை வருவதற்கு முன்னாலும் கடைசிதான். அவனுக்கு என்ன கதை?

எல்லாவற்றிலும் என்னை அதிகம் உறுத்துவது கடைசிப் பக்கம். பிள்ளை குணமாகிவிடுகிறது. மருந்துப் புட்டி குப்பைக்குப் போகிறது, சூரியன் சிரிக்கிறது. டைப் 1 சர்க்கரை குணமாவதில்லை. உயிருள்ளவரை இன்சுலின் வேண்டும். அதை ஆறு வயதுப் பிள்ளை தெரிந்துகொண்டாயிற்று. தெரிந்துகொண்ட பிள்ளையிடம் நீங்கள் குணமான பிள்ளையைக் காட்டினால் அவன் அதைத் தன் கதையாக எடுத்துக்கொள்ள மாட்டான். 'இவனுக்கு வந்தது வேற சுகர்' என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் தள்ளி வைத்தான். எனக்கு வேண்டியது இதுதான்: முதல் பக்கத்தில் நோயோடு இருக்கிற பிள்ளை கடைசிப் பக்கத்திலும் நோயோடு இருக்க வேண்டும், நடுவில் ஒரு நல்ல கதை நடந்திருக்க வேண்டும். பட்டத்துக்காகச் சண்டை போடட்டும், தம்பியின் பங்கைத் திருடட்டும், பொய் சொல்லி மாட்டிக்கொள்ளட்டும். நடுவில் ஒரு தடவை உட்கார்ந்து விரலில் குத்திப் பார்த்துவிட்டு எழுந்து போகட்டும். அதற்கு ஒரு வரி விளக்கம்கூட வேண்டாம். படம் போதும்.

பள்ளிக்கூடக் காட்சி வருமானால் ஒன்று. டைப் 1 பிள்ளை வகுப்பு நடுவில் பிஸ்கட் தின்ன வேண்டி வரும், அடிக்கடி வெளியே போக வேண்டி வரும். ஒரு பள்ளியில் இதை அடம் என்று எடுத்துக்கொண்டு நிற்க வைத்தார்கள். சி.பி.எஸ்.இ. 2017-இலேயே இப்படிப்பட்ட பிள்ளைகள் பொதுத் தேர்வு அறைக்குள் தின்பண்டம் கொண்டுபோகலாம் என்று அனுமதித்துவிட்டது. இரண்டாம் வகுப்புக் கணக்குப் பாடம் அதைவிடப் பெரிய விஷயமா? சுற்றறிக்கையை வகுப்புப் பிள்ளைகள் வாசிக்க மாட்டார்கள். படக்கதையை வாசிப்பார்கள். வாசித்த பிள்ளைகள் ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

படம் வரைகிறவர்களிடம் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. எழுத்தில் தப்பு வந்தால் வாசித்துக் காட்டுகிறவள் மாற்றி வாசித்துவிடுவேன். படத்தை மாற்ற முடியாது. வலிப்பு வந்த பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற படம் வேண்டவே வேண்டாம். இரும்பு வலிப்பை நிறுத்தாது. ஆனால் சினிமா பார்த்துப் பார்த்து அது எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி வரையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. இன்ஹேலரை ஒளித்து வைத்துப் பயன்படுத்துகிற மாதிரி வரையாதீர்கள். பஃப் எடுத்தால் அதுவே பழகிப்போகும் என்று பயந்து பாதியில் நிறுத்துகிற வீடுகள் இங்கே இருக்கின்றன. திண்ணையில் உட்கார்ந்து, ஸ்பேசர் என்கிற குழாயை மாட்டி, எல்லோரும் பார்க்க எடுக்கட்டும்.

இன்சுலினுக்கு வந்தால் எங்கள் ஊர்ச் சங்கதி ஒன்று சொல்ல வேண்டும். மீன்பிடி ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. கரண்ட் போனால் குப்பியை மீன் ஐஸ் பெட்டிக்குள் புதைத்துவிடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இன்சுலின் உறைந்தால் வீண். பிரிக்காத குப்பிக்கு 2-லிருந்து 8 டிகிரி வரை குளிர்ச்சி வேண்டும், ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இரண்டுக்கும் நடுவில் ஈர மணல், மேலே ஈரத் துணி என்று வைத்துச் சமாளிக்கிறார்கள். வீட்டு மூலையில் அந்தப் பானையை வரைந்து பாருங்கள், உங்கள் பக்கம் எங்கள் ஊராகிவிடும். அதேபோல் கருப்பட்டி. பனை நாட்டில் பிறந்தவள் என்பதால் எனக்கும் அது உயிர்தான். ஆனால் கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்று பெரியவர்கள் சொல்வதை உங்கள் பாட்டி பாத்திரத்தின் வாயில் வைத்துவிடாதீர்கள். அதுவும் ஏற்றும்.

எனக்கு ஒரு புத்தகம் வேண்டும். எழுதத் தெரிந்திருந்தால் நானே எழுதியிருப்பேன்.

அது ராத்திரியில் யார் யார் விழித்திருக்கிறார்கள் என்கிற புத்தகம். எங்கள் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது, அவர்கள் பயப்படுவது இருட்டில் ஏதோ இருக்கிறது என்பதற்காக மட்டும் இல்லை. எல்லோரும் தூங்கிவிட்டார்கள், தான் மட்டும் விழித்திருக்கிறோம் என்பதுதான் பெரிய பயம். நடுராத்திரியில் விரலில் குத்த எழுப்பப்படுகிற பிள்ளைக்கு இது இன்னும் கூடுதல். ஆனால் இந்தக் கரையில் எந்த நேரத்திலும் யாராவது விழித்திருக்கிறார்கள். பாம்பன் கலங்கரை விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆமை முட்டையிடுகிற மாதங்களில் தனுஷ்கோடி மணலில் வனத்துறைக் காவலர்கள் டார்ச்சோடு நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஐஸ் உடைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று மணிக்கு நாட்டுப்படகுக்காரர்கள் வலையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள், அவர்களுக்காக டீக்கடைக்காரர் அதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறார். பதநீர்க் காலத்தில் விடிவதற்கு முன் பனையேறி மரத்தில் இருக்கிறார். சென்னையிலிருந்து வருகிற ரயில், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் மேல் மெதுவாக வருகிறது. ஓட்டுநர் விழித்திருக்கிறார், பாலத்தைப் பார்த்துக்கொள்கிறவர் விழித்திருக்கிறார். ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ், 108 வண்டியில் டிரைவர். பள்ளிவாசலில் பாங்கு, மாதா கோயிலில் மணி, ஐந்து மணிக்கு ராமேஸ்வரம் கோயிலில் ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு வரிசை. அந்தக் கூட்டத்தின் நடுவே, குண்டு பல்பு வெளிச்சத்தில், குளுக்கோமீட்டரை வைத்துக்கொண்டு ஒரு அம்மாவும் ஒரு பிள்ளையும். அவர்களும் ராத்திரி வேலைக்காரர்கள்தான். இதைப் பிள்ளை பார்த்தால் பயம் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. தனியாக இல்லை என்று தெரியும். எனக்கு அது போதும்.

கூடப் பிறந்தவர்களை மறந்துவிடாதீர்கள். பக்கத்துப் பாயில் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கிற அக்காவுக்கும் ஒரு பயம் இருக்கிறது. தனக்கும் வருமோ என்பது ஒன்று, தம்பி காலையில் எழுவானா என்பது இன்னொன்று. அம்மா எப்போதும் அவனையே பார்க்கிறாள் என்கிற கோபமும் சேர்ந்திருக்கும். கோபத்தையும் எழுதுங்கள். நல்ல அக்காவாக்கி விடாதீர்கள்.

நாள் பார்க்கிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். நவம்பர் 14 நமக்குக் குழந்தைகள் தினம். உலகத்துக்கு அதே நாள் சர்க்கரை நோய் தினம், இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரெடரிக் பான்டிங் பிறந்த நாள் என்பதால். இந்த இரண்டும் ஒரே நாளில் வருவதைப் பள்ளிகளில் யாரும் சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. பான்டிங்கின் கதையிலேயே ஒரு படக்கதை உட்கார்ந்திருக்கிறது. 1922 ஜனவரி 11-இல் கனடாவின் டொரன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அது சரிப்படவில்லை, மருந்து போதிய சுத்தமாக இல்லாததால் உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை. ஜேம்ஸ் காலிப் என்பவர் உட்கார்ந்து அதைச் சுத்தப்படுத்தினார், 23-ஆம் தேதி மறுபடி போட்டார்கள், பையன் தேறினான். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. லெனார்ட் குணமாகவில்லை என்பதையும் எழுதுங்கள். ஊசி போட்டுக்கொண்டு இன்னும் 13 வருஷம் வாழ்ந்தான்.

கடைசியாக அச்சு விஷயம். உப்புக் காற்றில் உங்கள் புத்தகத்தின் நடுப் பின் ஒரு மழைக்காலம் தாங்காது. துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். நூல் தையல் போடுங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், ஈரத்தில் ஒட்டிக்கொள்கிறது. விலை ஒரு ரீச்சார்ஜ் விலையைத் தாண்டாமல் இருந்தால் தாய்மார்களே வாங்குவார்கள். முடியாதென்றால் யார் வேண்டுமானாலும் அச்செடுத்துக்கொள்ளலாம் என்கிற உரிமத்தோடு இணையத்தில் போடுங்கள். தைக்கிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அச்சுக்குப் போவதற்கு முன் மாதிரிப் பக்கங்களை டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள், எங்களைப் போன்ற வாசிப்பு மையங்களுக்கும் ஒரு தடவை அனுப்புங்கள். பிள்ளைகள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள். விரலில் குத்துகிற பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று என் தங்கை மகனுக்கு இப்போதே ஒரு முடிவு இருக்கிறது: ரத்தச் சொட்டைக் கடுகளவுக்கு மேல் வரையக்கூடாதாம், ஊசி போடுகிற படத்தில் பையன் சிரிக்கக்கூடாதாம். 'யாரும் சிரிக்க மாட்டாங்க பெரியம்மா, ஆனா அழவும் மாட்டாங்க. சும்மா வேற எங்கயாவது பார்ப்பாங்க' என்கிறான்.

இப்படிக்கு,
வாசித்துக் காட்டுகிற ஒருத்தி,
தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து.